குளிக்கும் வரை துக்கம்

இலைக்கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த வாடை வருகிறது. அறுத்த இடத்திலிருந்து தண்ணீராகக் கசிந்து, துணியில் பட்டதும் தண்ணீர் என்றே நம்ப வைத்து, காய்ந்த பிறகு கறுப்பாகிப் பல்லைக் காட்டும் வாழைப்பாலின் வாடை. இன்று காலையும் அப்படித்தான். மெஸ்ஸின் பின்கட்டில் கத்தியோடு உட்கார்ந்து நுனி இலையைத் தனியாகவும் நுனி இல்லாத அடிப்பக்க ஏட்டைத் தனியாகவும் அறுத்துக்கொண்டிருந்தேன். வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. உடனே உன் சட்டைகள் நினைவுக்கு வந்துவிட்டன. கல்லூரிக்கு நீ போட்டுவந்த ஒரு சட்டையாவது கறை இல்லாமல் இருந்ததா?

சிரிக்காதே. ஆசியப் பண்பாடும் சமூகமும் என்று பெயர் போட்ட பட்டம் வாங்கியவன் ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் மெஸ்ஸில் இலை அறுத்துக்கொண்டிருக்கிறான். "சைனாக்காரன் எப்படி சாப்பிடுறான்னு படிக்கிறதுக்கு ஒரு காலேஜா? இங்க வந்து எச்சி இலை எடு, நம்ம ஆளு எப்படி சாப்பிடுறான்னு தெரியும்" என்று அப்பா அன்று சொன்னது பலித்துவிட்டது. அவர் வாயில் சனி. நீ மட்டும் அவரைப் பார்த்து, "அதுவும் எங்க சிலபஸ்ல இருக்கு மாமா" என்று சொல்லி இரண்டாவது தோசையை வாங்கித் தின்பாய்.

அந்தப் பாடத்தில் நாம் சேர்ந்ததற்கு ஒரு பெரிய காரணமும் கிடையாது. எனக்கு வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. உனக்கு, ஜீயபுரத்துக்கும் அந்தப் பக்கம் இருக்கும் உன் ஊரிலிருந்து வரும் பஸ் அந்தக் கல்லூரி வாசலில் நிற்கும் என்பதுதான் காரணம். ஆனால் உள்ளே வந்தபிறகு உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஜப்பானில் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் தன் வீட்டு வாசலில் நின்று மேலே உப்பைத் தூவிக்கொண்டுதான் உள்ளே போவார் என்று மேடம் சொன்ன அன்று, பஸ் ஸ்டாப் வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தாய். சீனர்களில் சிலர் பம்பளிமாஸ் இலை போட்ட தண்ணீரில் கழுவிக்கொள்வார்கள் என்று நூலகத்தில் படித்துவிட்டு ஓடிவந்தாய். "எல்லாரும் குளிக்கிறான்டா! உப்புல குளிக்கிறான், இலையில குளிக்கிறான், நாம வாய்க்கால்ல குளிக்கிறோம்" என்று கத்தினாய். கேன்டீனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

கடைசி ஆண்டுக் களப்பணிக்கு நீ எடுத்த தலைப்பு 'பகையும் துக்கமும்'. ஏன் அதை எடுத்தாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உன் வீட்டுக்கும் வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் வாய்க்கால் மடையில் சண்டை. யார் வாழைக்கு முதலில் தண்ணீர் என்பதுதான் விஷயம். ஒரு கோடையில் உன் அண்ணன் மண்வெட்டிக் காம்பால் அந்த வீட்டுப் பெரியவரை அடித்ததில் அவர் இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் அதற்கப்புறம் எழுந்து நடக்கவே இல்லை. அவர் மகன் உன் அண்ணனை வெட்டுவேன் என்று டீக்கடையில் சொன்னான். உன் அண்ணன் வாடா என்றார். அந்த மகன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். அவன் என்றே சொல்கிறேன்.

அந்த நிலைமையில் நீ கையில் பேனாவோடு திருவெள்ளறையிலிருந்து உன் ஊர் வரைக்கும் ஊர் ஊராகப் போய், பகையாளி வீட்டில் சாவு விழுந்தால் போவீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். போவோம். போகாமல் எப்படி? நல்லதுக்குக் கூப்பிடாமல் போகக்கூடாது, கெட்டதுக்குக் கூப்பிட வேண்டியதில்லை. அங்கே யாரும் கையை ஓங்க மாட்டார்கள். உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆசியா முழுவதும் சாவு வீட்டுக்குள் பகை செருப்பைப் போலக் கழற்றி வெளியே விடப்படுகிறது என்று எழுதினாய். அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, எப்படி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாய். சுமார் என்றேன். முதுகில் அடித்தாய்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "சரிப்பா, அந்தப் போர்நிறுத்தம் எங்க முடியுது? வீட்டு வாசல்லயா, தெருமுனையிலயா?"

நீ யோசிக்கவே இல்லை. "குளிக்கும்போது முடியுது சார். குளிக்கிற வரைக்கும் துக்கம்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டார். வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாய் என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "தம்பி, இது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டிருக்கக் கூடாதா? அதை நினைத்தால் இப்போதும் கத்தியை ஓங்கிக் கட்டையில் குத்தத் தோன்றுகிறது. சில நாள் குத்தவும் செய்கிறேன்.

தேர்வு முடிவு வருவதற்குள் அந்தப் பெரியவர் செத்துப்போனார். நீ எனக்கு போன் செய்து வண்டியோடு வரச் சொன்னாய். உன் அண்ணன் வாசலில் நின்று, "போகாதடா, அவன் வெறில இருக்கான்" என்றார். "அண்ணே, வெட்டணும்னா உன்னைத்தான் வெட்டுவான். நான் துக்கத்துக்குப் போறேன்" என்றாய். அந்த நேரத்திலும் கிண்டல். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நீயே பார்த்து வாங்கிவரச் சொன்ன ரோஜா மாலை என் வண்டியின் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வாய்க்கால் பாலத்திலேயே நின்றுவிட்டேன். தெரு நேராக இருந்ததால் எல்லாம் தெரிந்தது. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேளம். நீ மாலையைப் போட்டுக் கும்பிட்டாய். பிறகு வரிசையாக நின்ற ஆண்களிடம் வந்து, துக்கம் கேட்க வருபவர்கள் செய்வதைப் போல இரண்டு கைகளையும் நீட்டினாய். மேளம்கூட அந்த நொடி தயங்கியதாக எனக்குப் பட்டது. அவன் தன் இரண்டு கைகளாலும் உன் கைகளைத் தொட்டான். நீ கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தாய்.

பாலத்துக்கு வந்தபோது உன் முகம் வெளிச்சமாக இருந்தது. "தொட்டான்டா. பார்த்தியா? தொட்டான்" என்றாய். நான் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தேன். அது கிளம்பவில்லை.

அவன் ஓடிக்கூட வரவில்லை. வெறுங்காலோடு, தோளில் துண்டோடு, கொடுத்த பொருளைத் திரும்ப வாங்க வருகிறவனைப் போல நடந்து வந்தான். கையில் வாழைத்தார் வெட்டும் அரிவாள். நீ அவனைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டினாய். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவன் தொட்ட அதே கைகள். "இருடா, நான் இன்னும் குளிக்கல" என்றாய். கெஞ்சவில்லை. மறந்துபோனவனுக்கு நினைவுபடுத்துகிற குரல். முதல் வெட்டு அந்தக் கையில் விழுந்தது. அடுத்தது கழுத்தில்.

நான் வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்து அவன் மூஞ்சியில் அடித்தேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. திரும்பவும் அடித்தேன். அவன் வீசியது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துக்கொண்டு போயிற்று. நீ பாலத்துக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். வெள்ளைச் சட்டை. வாழைக்கறை எது, ரத்தம் எது என்று பார்த்துக்கொண்டே நின்ற என் பைத்தியக்காரக் கண்ணை நான் என்ன செய்ய? புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆம்புலன்ஸில் உன் கை என் கையில் கனத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது என் அம்மா என்னைப் பின்பக்கமாகவே வரச்சொல்லி, கட்டுப் போட்ட கையை உயர்த்திப் பிடிக்க வைத்து, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். உன் ரத்தம் சாக்கடைக்கு ஓடியது. நீ குளிக்கவில்லை, நான் குளித்துவிட்டேன். அன்று என் அம்மாவை அடிக்கக்கூடக் கை எழுந்தது.

வழக்கு நடக்கிறது. நான்தான் முதல் சாட்சி. அவன் ஜாமீனில் வந்துவிட்டான். ஊரில் ஒன்றும் நடக்காததுபோல் வாழைக்குத் தண்ணீர் பாய்கிறது. உன் அண்ணன் மட்டும் தினமும் சாயங்காலம் சாணைக்கல்லில் அரிவாளைத் தீட்டுவாராம். நீ உப்பு, இலை என்று பேசினாய். அவர் கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடையில் அவன் அம்மா செத்துப்போனாள். அது எனக்குத் தெரியாது. உன் அம்மா போன் செய்து, "தம்பி, வண்டி எடுத்துக்கிட்டு வாப்பா. ஒரு துக்கத்துக்குப் போகணும்" என்றாள். யார் வீட்டுத் துக்கம் என்று சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் வாசலில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் உன் அண்ணன் பைக்கை ஸ்டாண்டு போட்டு, சாக்கில் எதையோ சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். எதையோ என்ன, எனக்குத் தெரியாதா?

"நீங்க போயிட்டு வாங்க. அந்த வீட்டு வாசல்ல நான் கால்கூட வைக்க மாட்டேன்" என்றார் அவர் என்னிடம். "பாடை பாலத்தைத் தாண்டித்தானே சுடுகாட்டுக்குப் போகணும்? எல்லை எதுன்னு அவன்தானே காட்டினான். அங்கயே வெச்சுக்கறேன்."

உண்மையைச் சொல்கிறேன். என் உடம்பு முழுக்கச் சரி என்றது. கோர்ட்டு, வாய்தா, வக்கீல், எல்லாவற்றையும் தூக்கிக் காவேரியில் போடு, வெட்டட்டும் என்றது. நான் வண்டியைக் கிளப்பினேன். உன் அம்மா வண்டியில் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தெருவுக்குள் நடந்தபோது மேளம் நின்றேபோயிற்று. பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்த இடத்தில் வழிவிட்டார்கள். அவள் போய் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். செத்தவளுக்காகவா, உனக்காகவா என்று என்னிடம் கேட்காதே. நான் ஆண்கள் வரிசைக்கு வந்தேன். அவன் நின்றிருந்தான். மூக்கு கோணலாக ஆறியிருந்தது. அதைப் பார்த்ததில் எனக்கு ஒரு கேவலமான திருப்தி. கைகளை நீட்டினேன். சட்டைக் கை மேலே ஏறித் தழும்பு வெளியே தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான், பிறகு தொட்டான். காய்ப்புக் காய்ச்சிய, வேர்த்த கை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கி உடைக்க வேண்டும் என்று தோன்றியது. உடைக்கவில்லை. நீ எழுதிவைத்துவிட்டுப் போனாயே, அதனால்.

சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தோம். பாலத்தில் உன் அண்ணன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். சாக்கு அவிழ்ந்திருந்தது. உன் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். நீ சாய்ந்து உட்கார்ந்திருந்த அதே கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிம்மா. வீட்டுக்குப் போ" என்றார் உன் அண்ணன்.

"துக்கத்துக்குப் போயிட்டு வந்திருக்கேன். குளிக்காம எப்படிடா வீட்டுக்குள்ள வர்றது?"

"அப்ப போயி குளி."

"மாட்டேன்." கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் குளிக்கிற வரைக்கும் துக்கம். துக்கத்துல வெட்டக் கூடாது. உன் தம்பி காலேஜ்ல அப்படித்தான் சொன்னானாம். வாத்தியாருங்கல்லாம் சிரிச்சாங்களாம்."

"தம்பியும்தான் குளிக்கல. அவனை வெட்டினான்ல? அவனை வெட்டினான்லம்மா?"

"அவன் மறந்துட்டான். நீயும் மறந்துட்டா, என் புள்ள சொன்னது பொய்யா ஆயிரும்டா." குரல் கிழிந்தது. "வெட்டணும்னா முதல்ல என்னை இழுத்துட்டுப் போயி வாய்க்கால்ல முக்கு. என் தலைல தண்ணி பட்டப்புறம் யாரை வேணா வெட்டு."

அவர் இழுத்தார். நிஜமாகவே இழுத்தார். பெற்றவளை, தோளைப் பிடித்து, புடவை கிழிய, வாய்க்கால் படிப் பக்கமாக. அவள் கட்டையை விடாததில் நகம் பெயர்ந்து சிமெண்டில் ரத்தம் தேய்ந்தது. நான் அவர் மேல் பாய்ந்தேன். இரண்டு பேரும் புழுதியில் உருண்டோம். என் உதடு கிழிந்தது. அவர் காதைக் கடித்தேன் என்று நினைக்கிறேன். உன் அண்ணனை, எனக்குச் சோறு போட்ட மனிதரை, நாய் மாதிரிக் கடித்தேன். அதற்குள் மேளம் நெருங்கிவிட்டது.

முன்னால் அவன், கொள்ளிச்சட்டியோடு, தலை குனிந்து வந்தான். பின்னால் பாடை. எங்களைப் பார்த்தான். மண்ணில் கிடந்த அரிவாளையும், நகத்தில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த உன் அம்மாவையும் பார்த்தான். கொள்ளிச்சட்டி எடுத்தவன் நடுவில் நிற்கக்கூடாது. ஆனாலும் நின்றான். கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தவள், "போ" என்றாள். "போயி உங்கம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்." அவன் போனான். புகை எங்கள் மேல் படிந்தது.

உன் அண்ணன் எழுந்தார். அரிவாளை எடுத்தார். நான் மறுபடியும் அவர் காலைப் பிடித்தேன். என்னை உதைத்துவிட்டு அவர் ஊர்வலத்தின் பக்கம் போகவில்லை. பாலத்துக்குக் கீழே உங்கள் கொல்லைக்குள் இறங்கினார். தார் போட்டு நின்ற வாழைகளை வெட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் உன் பெயரைச் சொன்னார். மரங்கள் தாரோடு சரிந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. தலையிலிருந்து கால் வரை வாழைப்பால் வழிந்தது. வெட்ட மரம் இல்லாமல் வரிசை தீர்ந்தபோது சேற்றில் உட்கார்ந்து, நீ செத்த அன்றுகூட அழாதவர், வாயைத் திறந்து அழுதார்.

அவன் கொள்ளி வைத்து, ஆற்றில் குளித்து, ஈரத் துணியோடு பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகும் வரைக்கும் உன் அம்மா அந்தக் கட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான், "இப்ப போலாம்ப்பா" என்றாள். வீட்டுக்கு வந்து உடம்பைத் துடைத்துக்கொண்டாள், புடவை மாற்றிக்கொண்டாள். தலைக்கு மட்டும் தண்ணீர் விட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "தீர்ப்பு வரட்டும். அப்புறம் முழுகறேன்" என்றாளாம்.

இந்த வெயிலிலும் அப்படித்தான் இருக்கிறாள். முடி சடையாகிவிட்டது, தலையெல்லாம் அரிக்கிறது. அறுபதைத் தாண்டியவள். கோயிலுக்குப் போவதில்லை, அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை. ஊரில் சிலர் பைத்தியம் என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒருவனை நான் டீக்கடையில் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். எனக்குக் கோபம் குறையவில்லை. அதை மறைக்கவும் போவதில்லை. அவனைத் தொட்டேன், மன்னிக்கவில்லை. கோர்ட்டில் கூண்டேறி, நீ நீட்டிய கை எப்படி விழுந்தது என்று ஒரு சொல்கூட விடாமல் சொல்வேன். தழும்பு இருக்கிறது. உன் கையும் அவன் கையும் பட்ட உள்ளங்கை இருக்கிறது. இவை என்னோடு சாகும் வரை வரும்.

உன் வரியைச் சுமார் என்று சொன்னேன் இல்லையா? அது தப்பு. உன்னை அந்த வரி காப்பாற்றவில்லை. ஆனால் அதையும் தேர்வில் நீ சொன்ன பதிலையும் பிடித்துக்கொண்டுதான் உன் வீட்டில் இன்னும் ஒருவர் உயிரோடு, கொலைகாரன் ஆகாமல் இருக்கிறார்.

எங்கள் மெஸ்ஸுக்கு இப்போது இலைக்கட்டு கொண்டுவந்து போடுவது உன் அண்ணன்தான். காலையில் வருவார். அதிகம் பேச மாட்டார். காதோரம் நான் கடித்த தழும்பு இருக்கிறது. இன்றும் இலைக்கட்டை இறக்கி வைத்தார், சட்டையெல்லாம் கறை. அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று தினமும் பார்ப்பதுபோல இன்றும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அம்மா இன்னும் குளிக்கல" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. உள்ளே போய் அவருக்கு ஒரு காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இலை அறுக்க உட்கார்ந்தேன்.